மனு எழுதும் கை

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரின் கைவேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தாம்பரம் பக்கம் வெள்ள மனுவுக்குப் பஞ்சமில்லை.

வந்தவர் கொட்டித் தீர்ப்பார்: “யாருமே கண்டுக்கலைங்க!” பேனாவைத் திறக்காமலே இவர் கேட்பார்: “எந்தத் தெரும்மா? தண்ணி எத்தனை நாள் நின்னுச்சு?”

பிறகு அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் ஒரே வரி. அத்தனை அழுகையும் ‘முழங்கால் அளவு, நான்கு நாள்’ என்றாகிவிடும். ‘சொல்லொணா அவதி’யை அதிகாரியின் கண் தாண்டிப் போகும், அளவும் தேதியும்தான் அவரை நிறுத்தும். கோரிக்கை ஒன்றே ஒன்று: கால்வாயைத் தூர்வார வேண்டும். தெரு, 2021இல் மாநகராட்சியான தாம்பரத்துக்குள் வருகிறதா, ஊராட்சியிலா என்று விசாரித்த பிறகே பெறுநரை எழுதுவார்.