வாட்டாயமும் வாளறமும்

வாட்போரைப் பாடிய தமிழ்ப் புலவர் பலர். வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தலைவராக்கி, அவர் தொழிலையே கதைக்கு நிலைக்களனாக அமைத்தவர் சேக்கிழார். பெரிய புராணத்து இலைமலிந்த சருக்கத்திலுள்ள ஏனாதிநாத நாயனார் புராணம் அத்தகையது. இதனைத் திருநீற்றின் பெருமை கூறும் கதை என்ற அளவில் அமைவாரும், இதன்கண் வரும் போர்ப் பகுதியைக் காப்பிய மரபு பற்றிச் சேர்த்த அணியென ஒதுக்குவாரும் உளர். போர்ப் பகுதியின்றி நீற்றன்பின் பொருள் விளங்காது என்பதே எம் கருத்து.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியார் பெயரை மட்டுமே குறித்தார். நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் ஒரு பாட்டளவில் செய்தியைச் சுருக்கினார். கதையை விரித்து அதற்குக் காரணகாரியத் தொடர்பு அமைத்தவர் சேக்கிழாரே. சோழநாட்டு எயினனூரில் ஏனாதிநாதர் அரசர்க்கு வாட்படை பயிற்றும் தொழிலுடையவர். அதனால் வந்த பொருளை அடியார்க்கு ஈந்தவர். அவருடைய தாயத்தானாகிய அதிசூரனும் அத்தொழிலினனே. மாணாக்கர் ஏனாதிநாதரையே நாடினமையின் அதிசூரனது வருவாய் குறைந்தது, அழுக்காறு பகையாயிற்று. வாள் கற்பிக்கும் உரிமையைச் சேக்கிழார் ‘வாட்டாயம்’ என்னும் சொல்லால் குறிக்கின்றார். கலையும் நிலம் போலத் தாயமாகக் கருதப்பட்டமைக்கு இச்சொல்லே சான்று.

போர் இருமுறை நிகழ்கின்றது. முதற்போரில் இருபாலும் படைகள் பொருதன. ஏனாதிநாதர் வென்றார், அதிசூரன் அவர் வாளுக்குத் தப்பி ஓடினான். இரண்டாவது, பிறரைக் கொல்லாது நாம் இருவரே வேறிடத்துப் பொருவோம் என்று அதிசூரன் சொல்லியனுப்ப நிகழ்ந்தது. இவ்விரட்டிப்பு வெறும் பெருக்கமன்று. முதற்போரால் தலைவரின் மேம்பட்ட ஆற்றல் ஐயமற நிறுவப்படுகின்றது. ஆகவே பின்னர் அவர் வாளைத் தடுத்தது இயலாமை அன்று என்பது பெறப்படும். மேலும், முதற்போரில் தம்மை நம்பி வந்த மாணாக்கரும் சுற்றத்தாரும் உடனிருந்தனர். இரண்டாவதில் அவருயிர் ஒன்றே பணயம். தன் உயிரை ஈவான் பிறர் உயிரையும் உடன் ஈந்துவிடாதவாறு கதையை அமைத்த புலமை போற்றற்குரியது.

அதிசூரன் நெற்றியில் நீறு பூசி, முகத்தைக் கேடகத்தால் மறைத்து வந்தான். வெட்டும் தறுவாயில் கேடகத்தை விலக்கினான். நீறு கண்ட ஏனாதிநாதர், இவன் அடியாராயினான் எனக் கருதி, வாளையும் பலகையையும் எறிந்துவிட எண்ணினார். ஆனால் படைக்கலம் இல்லாதவனைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாரும் என்று எண்ணி, அவற்றைத் தாங்கியவாறே பொருவார் போல நின்றார். அதிசூரன் தன் கருத்தை முடித்துக்கொண்டான்.

இதனை மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றோடு ஒப்பிடல் தகும். அண்ணாகிராமப் பகுதியை அடுத்து ஓடிக் கடலூர் அருகே கடல் சேரும் பெண்ணையாற்றின் மேற்பகுதியில் உள்ளது அவரது திருக்கோவலூர். அவரும் பொய்வேடம் பூண்ட பகைவனால் வீழ்ந்தவர். அப்பகைவன் ஊறின்றி மீள வழி செய்தார். ஆயினும், வணங்கியிருந்தவரைக் கொன்ற பழி அவனை விட்டு நீங்கவில்லை. ஏனாதிநாதரோ அப்பழியினின்றும் பகைவனைக் காக்க முற்படுகின்றார். வாளின் இயல்பும் போரின் நெறியும் அறிந்த ஆசிரியர்க்கே இந்நுண்ணறம் தோன்றும்.

சப்பானிய வாட்கலை மரபு இவ்விடத்துச் சிறந்த ஒப்புமை தரும். தோக்குகாவா ஷோகன்களுக்கு வாள் கற்பித்த யாக்யூ முனெனோரி (1571–1646), 1632-இல் எழுதிய வாட்கலை நூலில் கொல்லும் வாள், உயிர் தரும் வாள் எனப் பகுப்பு உண்டு. தீயன் ஒருவனைக் கொன்று பலரை வாழ்விப்பது வாளின் பயன் என்பது அவர் கொள்கை. அவருக்கு எழுதிய ஜென் துறவி தக்குவான், உள்ளம் எதன்கண்ணும் நின்றுவிடலாகாது, பகைவன் வாள்மேல் நின்றால் வீழ்ச்சியே என அறிவுறுத்தினார். இவ்வளவையால் நோக்கின், நீற்றின்கண் உள்ளம் நின்ற ஏனாதிநாதர் தோற்றவரே.

ஆயின் நின்றது உள்ளத்தின் தடுமாற்றம் அன்று என்பதைக் கருதல் வேண்டும். தடுமாறியவன் அவ்வொரு கணத்தில் பகைவனுக்கு வரும் பழியை எண்ணித் தன் செயலை மாற்றியமையான். எறிய எண்ணியதும், எறியாது தாங்கியதும் ஆகிய இரண்டும் தெளிந்த அறிவின் செயல்கள். முனெனோரியின் உயிர் தரும் வாள் கொன்று பிறரைக் காப்பது. ஏனாதிநாதர் வாளோ கொல்லாது பகைவன் புகழைக் காப்பது. முன்னது ஆட்சியைத் தாங்குவார்க்கு உரிய அறம். பின்னது தன்னை ஈவார்க்கு உரியது. ஒன்றால் மற்றொன்றை இழித்தல் முறையன்று.

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்ததாகிய இந்நூல் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிற்று என்பது மரபு. போர்வெற்றியையே புகழாகக் கொண்ட அரசவைச் சூழலில், வெல்லத்தக்கவர் வெல்லாது நின்றதைப் புகழாகப் பாடினார் சேக்கிழார். தமிழில் போர்க்கலைக்கு மெய்யியல் உண்டோ என வினவுவார், வீச்சும் காப்பும் வகுக்கும் நூல்களை மட்டும் தேடி அமையாது, பயனின்றித் தாங்கிய இவ்வாளையும் எண்ணிப் பார்ப்பாராக.