பில்லில் எழுதிய சுங்குடி

போன மாசம் சங்கரன்கோவில் கடைவீதியில் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுக்கப் போனேன். விரித்துக் காட்டிய சேலைகளில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. முடிச்சு போட்ட சுருக்கம் எங்கேயும் இல்லை. "இது மெழுகு பிரிண்ட்தானே?" என்றேன். "சுங்குடின்னா இப்ப இதான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சௌராஷ்டிரர்கள் வளர்த்த கை வேலை. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! அதனால்தான் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. மெழுகு அச்சில் இந்த வேலையே கிடையாது. அச்சுக்கட்டையை மெழுகில் தொட்டு ஒரு ஒத்து ஒத்தினால் வரிசையாகப் புள்ளி விழுந்துவிடும்.

மெழுகு என்றதும் எனக்குச் சோழமண்டலம் ஞாபகம் வந்தது. கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியில் அவரோடு இருந்தவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய ஓவியர் கிராமம். ஓவியம் விற்று வாழ முடியாத காலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது பத்திக் துணிதான். நிலம் வாங்கவே அந்தக் காசு உதவியது. பத்திக்கில் மெழுகு செய்வது நேர் எதிரான வேலை. துணி கசங்கும்போது மெழுகு விரிசல் விடும், சாயம் அதற்குள் ஓடும். அந்த ரேகையை வரைந்தவராலேயே மறுபடி கொண்டுவர முடியாது.

சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்திக்கை வயிற்றுப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டு ஓவியத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோடு பழகிய கைதானே மெழுகையும் எடுத்தது? அதற்காக, ஓவியர் கை பட்டதால் மட்டும் துணிக்கு மதிப்பு என்பதையும் ஏற்க முடியவில்லை. அப்படியென்றால் முடிச்சு போட்டே விரல் காய்த்துப்போன, யாருக்கும் பேர் தெரியாத பெண்ணின் கைக்கு என்ன விலை?

மெழுகு அச்சை நான் மட்டம் என்று சொல்லவில்லை. அஞ்சரை மீட்டருக்கு வரிசை பிசகாமல் கட்டை வைப்பதும் கைப்பழக்கம்தான். (சேலையும் நல்லாத்தான் இருந்தது.) ஆனால் இதையே சுங்குடி என்று பழகியவர் முடிச்சுச் சேலையின் விலையைக் கேட்டால், கொள்ளை என்று நினைத்து எழுந்து போய்விடுவார். கட்டுகிறவர்களின் கூலி அடிபடுவது அங்கேதான்.

அம்மாவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தேன். "பில்லில் மெழுகு அச்சுன்னு போடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எழுதினார்: சுங்குடி, 1.