காயலைக் காணும் முறை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகக் காயல்பட்டினம் சென்று மீளும் நம்மவர் பலர். அவர்களுக்கு வழிகாட்டியாக அமைவன நம் இதழ்களில் வெளிவரும் பயணக் கட்டுரைகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் இரு குறைகள் உள என்பதை அன்புடன் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

முதலாவது, சான்றை ஆராயாத பெருமிதம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து போற்றிய காயல் துறைமுகம் இன்றைய காயல்பட்டினமே என ஐயமின்றி எழுதிவிடுகின்றனர். ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் மரக்கலங்கள் வந்தடைந்த துறை அது. ஆனால், 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்ட கால்டுவெல், தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த பழைய காயலையே அத்துறையாகக் கொண்டார். ஆற்று வண்டல் படிந்து கடல் விலகியதால் அது தன் சிறப்பை இழந்தது என்பது அவர் கருத்து. இதனை மறுக்க விரும்புவோர் சான்று காட்டி மறுக்கட்டும், மறைப்பது முறையன்று. உண்மைக்குச் சாட்சி பகரக் கடமைப்பட்ட சமுதாயம் நாம். ஊர்ப்பெருமை பேசும்போது மட்டும் அக்கடமை தளர்ந்துவிடலாமா?

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அயல்நாட்டார் சொன்ன புகழை விரித்துரைப்போர், காயல் தமிழுக்கு அளித்த கொடையை இரண்டொரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். அருணகிரிநாதர் முருகன்மீது பாடிய திருப்புகழின் சந்தத்தை மேற்கொண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாடியவர் காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் முதன்முதலாக அச்சேறியதும் அவ்வூர் ஷெய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியாலேயாம். பள்ளிவாசல்களின் தொன்மையைப் பேசும் கட்டுரைகளில் இவர்களுக்கு இடம் இல்லாமற்போவது ஏன்?

நம் வட்டாரத்தாருக்கு இது தொலைவான செய்தியன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய பாடல்களில் பிள்ளைத்தமிழின் வித்தைக் காண்பர் அறிஞர். அவ்வகை வளர்ந்தபின், நம் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். கொள்கை வேறு, பாடிய தமிழ் ஒன்றே. ஆண்டாள் கோயில் கோபுரத்தை நாளும் பார்த்து வளரும் முஸ்லிம் சிறுவன், காயலில் காசிம் புலவரைப் பற்றிக் கேட்டறிவானாயின், தமிழ் தனக்கு இரவலாக வந்த மொழியன்று எனத் தெளிவான். அத்தெளிவைத் தராத பயணம் வெறும் ஊர் பார்த்தலேயாகும்.

ஆகவே, காயல் செல்வோர் சீறாவின் ஒரு படலத்தையேனும் பிள்ளைகளுடன் படித்துவிட்டுச் செல்வாராக. எழுதுவோரும் கேட்டதை எழுதுமுன் ஆராய்ந்து எழுதுவாராக.