நேரலை முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டியில் ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அரங்கேற்றம் தொடங்கினால், கோடைக்காலத்தில் தமிழ்நாட்டில் அப்போது ஞாயிறு அதிகாலை 4:30. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு, பொங்கல் விழா நடக்கும் மாதங்களில், அதே 6 மணி அங்கே காலை 5:30 ஆகிறது. கேட்டியில் ஒரு குடும்பமோ தமிழ்ப் பள்ளியோ முதன்முறையாக நேரலையில் இறங்கும்போது, எந்தக் கேமரா, எந்தச் செயலி என்ற கேள்விகளுக்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியில் பெரும்பாலோர் நிகழ்ச்சியை நடக்கும்போதே பார்க்கப்போவதில்லை. காலையில் எழுந்து, காபி குடித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டுத்தான் பார்ப்பார்கள். ஆகவே நேரலைச் சேவையை எடைபோட வேண்டிய அளவுகோல், ஒளிபரப்பு முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே. அந்த அளவுகோலில், முதல்முறை செய்பவர்களுக்கு யூடியூப்தான் சரியான தேர்வு. அதுவும் கைப்பேசி வழியாக அல்ல, லேப்டாப் வழியாக.

கையில் உள்ள வழிகளை ஒப்பிட்டால் காரணம் தெளிவாகும். ஃபேஸ்புக் லைவ் தொடங்க மிக எளிது. கணக்கும் நண்பர் பட்டியலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் 2025 பிப்ரவரி முதல் அங்கே புதிதாகச் செய்யப்படும் நேரலைகள் 30 நாள் மட்டுமே இருக்கும். அதற்குள் தரவிறக்கிக்கொள்ளாவிட்டால் அழிந்துவிடும். பிள்ளையின் அரங்கேற்றத்தை அடுத்த தீபாவளிக்குத் தேடினால் அது அங்கே இருக்காது. வாட்ஸ்அப், ஜூம் அழைப்புகள் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. பின்னணி ஒலியைச் சத்தம் என்று கருதிக் குறைப்பது அவற்றின் வேலை. மிருதங்கமும் தம்புராவும் அந்த வடிகட்டலில் சிதைந்துபோகின்றன. ஜூமில் அதை அணைக்க ஓர் அமைப்பு உண்டு என்றாலும், இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். யூடியூப் நேரலையில் 12 மணி நேரத்துக்குள் முடியும் எதுவும் அதே லிங்க்கில் பதிவாக நின்றுவிடுகிறது. தாமதமாக வந்தவர் நேரலையின் நடுவிலேயே பின்னால் நகர்த்தி முதலிலிருந்து பார்க்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியில் யூடியூப் பார்க்கத் தெரிந்த பெரியவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதுமில்லை.

யூடியூபில் முதல் தடை தொழில்நுட்பம் அல்ல, அவகாசம். நேரலை வசதியை இயக்க முதலில் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். விழா நாள் காலையில் கணக்கைத் திறப்பவர்களுக்கு அன்று நேரலை கிடைக்காமல் போகலாம். கைப்பேசிச் செயலியிலிருந்து ஒளிபரப்பக் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். புதிய குடும்பச் சேனலுக்கு அது எளிதில் சேராது. லேப்டாப்பிலிருந்து செய்தால் அந்த வரம்பு இல்லை. ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யூடியூப் தரும் ஸ்ட்ரீம் கீயை அதில் ஒருமுறை ஒட்டிவிட்டால் போதும். முதல் பார்வையில் அதன் திரை மிரட்டினாலும், ஒரு கேமராவுக்கும் ஒரு மைக்குக்கும் தேவையான பொத்தான்கள் சிலவே. ஒளிபரப்பும்போதே லேப்டாப்பில் தனியாக ஒரு பிரதியைப் பதிவு செய்யவும் அதில் முடியும். இணையம் நடுவில் அறுந்தாலும் அந்தப் பிரதி முழுமையாக இருக்கும். மிஞ்சுவதே முக்கியம் என்றால், ஓபிஎஸ்ஸின் தலையாய வசதி இதுதான்.

தரத்தைத் தீர்மானிப்பவை அப்லோடு வேகமும் ஒலியும். கேபிள் இணைப்புகளில் டவுன்லோடு வேகத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவார்கள். அப்லோடு அதில் சிறு பங்காகவே இருப்பது வழக்கம். ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் இரண்டும் சமம். 720பி தரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் போதும். ஆனால் அது அசையாமல் கிடைக்க வேண்டும் என்பதால், சோதனையில் அதைப்போல் இரு மடங்காவது காட்டும் இணைப்பு வேண்டும். வைஃபையைத் தவிர்த்து ஈதர்நெட் கேபிளைச் செருகுங்கள். பள்ளி அரங்குகளிலும் குடியிருப்பு மன்றங்களிலும் விருந்தினர் வைஃபை பார்வையாளர்கள் வந்து அமர்ந்ததும் தள்ளாடும். அங்கே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே மேல். 3 மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 5.4 ஜிகாபைட் செலவாகும். ஒலியைக் கேமராவின் மைக்கிடம் விடக் கூடாது. அரங்கின் எதிரொலியும் பார்வையாளர் பேச்சும் பாட்டை மூடிவிடும். ஒலிப்பொறியாளரின் மிக்சரிலிருந்து ஒரு கம்பியை ஆடியோ இண்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவந்தால், சாதாரண கேமரா கூட நல்ல நிகழ்ச்சியைத் தரும். படம் சற்று மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். நட்டுவாங்கம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுகிறார்கள்.

பதிவுதான் முக்கியம் என்றால் எடுத்து மறுநாள் ஏற்றினால் போதாதா, நேரலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மாலை நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இருந்தால் அதுவே போதும் என்பதே பதில். இன்னும் நல்ல வழி யூடியூபின் பிரீமியர். பதிவு செய்த காணொளியைக் குறித்த நேரத்தில், எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும்படி அதில் வெளியிடலாம். கேட்டியில் ஞாயிறு காலை 9:30க்கு வைத்தால் கோடையில் மதுரையில் இரவு 8 மணி. இரு பக்கத்தாருக்கும் வசதி. ஆனால் கேட்டியின் மாலை 6 மணி நியூ ஜெர்சி உறவினருக்கு இரவு 7, கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதி நண்பருக்கு மாலை 4. அவர்களுக்கு நேரலை பொருந்துகிறது. காலையில் நடக்கும் கிரகப்பிரவேசம், ஆயுஷ்ய ஹோமம் போன்றவற்றை ஊரிலுள்ளோரும் நேரலையிலேயே பார்த்துவிடலாம். தவிர, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்ட பதிவுகள் பல மெமரி கார்டிலேயே கிடந்துவிடுகின்றன. நேரலை அந்த வேலையை அன்றே முடித்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு பிள்ளைகளின் பாதுகாப்பு. இதை அலட்சியமாகக் கடக்கக் கூடாது. ‘அன்லிஸ்டட்’ என்று வைத்தால் காணொளி தேடலில் வராது. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்க முடியும், அதைப் பரப்பவும் முடியும். அதனால் தமிழ்ப் பள்ளி விழா என்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் இசைவு பெறுவதும், பிள்ளைகளின் முழுப் பெயரைத் தலைப்பில் போடாமல் இருப்பதும் அடிப்படைக் கடமை. 2025 ஜூலை முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் யூடியூபில் தனியாக நேரலை செய்ய முடியாது என்ற விதியும் வந்திருக்கிறது. சேனல் பெரியவர் பெயரிலேயே இருக்கட்டும். மூன்றாவது, பதிப்புரிமை. சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடும்போது யூடியூபின் கன்டென்ட் ஐடி அதை அடையாளம் கண்டு நேரலையையே இடைமறிக்கலாம். இது மெய்யான குறை. முழுத் தீர்வு கிடையாது. பக்கவாத்தியக் குழு நேரில் வாசிக்கும் அரங்கேற்றத்தில் இந்த ஆபத்து குறைவு. திரைப்பாட்டு நடனம் நிறைந்த ஆண்டு விழா என்றால் நேரலையைத் தவிர்த்து, பதிவைக் குடும்பங்களுக்குத் தனியாக அனுப்புவதே நல்லது.

ஆகவே தீர்ப்பு இது: காலை நிகழ்ச்சிகளுக்கும், அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் பார்க்கும் மாலை நிகழ்ச்சிகளுக்கும் யூடியூப் நேரலை, ஊருக்கான மாலை நிகழ்ச்சிகளுக்கு பிரீமியர், எதுவானாலும் லேப்டாப்பில் ஒரு தனிப் பிரதி. புதிய கேமரா வாங்கும் பணத்தில் முதலில் ஒரு ஆடியோ இண்டர்ஃபேஸும் நீளமான ஈதர்நெட் கேபிளும் வாங்குங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சேனலைத் திறந்து, அதே அரங்கில், அதே இணைப்பில் பத்து நிமிடம் சோதனை ஒளிபரப்பு செய்து, பதிவை ஊரில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குப் பாட்டு தெளிவாகக் கேட்டால், நீங்கள் தயார்.