ஊர்காண் காதையின் மணிகள்: ராசிக்கல் வாசிப்பும் குருந்த வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

சிலப்பதிகார ஊர்காண் காதையின் மணிக்கடைத்தெருப் பகுதி இன்று இருவகையாக வாசிக்கப்படுகிறது. ஒரு சாரார் அதனை ராசிக்கல் நம்பிக்கையின் பழஞ்சான்றாகக் கொள்கின்றனர். மற்றொரு சாரார் இன்றைய கனிமவியலை முன்னுணர்ந்த பகுதியாகக் கொள்கின்றனர். இவ்விரு வாசிப்புகளையும் மணிகளின் இயற்பியல் பண்புகளைக் கொண்டும், பென்னாகரம் பகுதிக் குருந்தத்தைக் கொண்டும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்காண் காதை, நவமணி, குருந்தம், மாணிக்கம், ராசிக்கல், அடியார்க்குநல்லார்

முன்னுரை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டிப் பகுதியில் குருந்தக் கல் கிடைக்கிறது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாவதற்கு முன் இப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆதலால் பழைய புவியியல் பதிவுகளில் இது சேலம் மாவட்டக் குருந்தமாகவே இடம்பெறும். நகையில் பதிக்கத்தக்க தெளிவு இதற்குப் பெரும்பாலும் இல்லை. இத்தகைய குருந்தத்தைப் பொடித்து அரக்குடன் சேர்த்துச் சாணைக்கல் செய்வது இந்நாட்டுக் கைவினை மரபு.

சாணைக்கும் மணிமுடிக்கும் உள்ள தொலைவு பெரிது. ஆயினும் சாணையிலுள்ள குருந்தமும் முடியிலுள்ள மாணிக்கமும் ஒரே பொருள். இரண்டும் அலுமினியம் ஆக்சைடே. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. கனிமவியலில் உலகெங்கும் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லின் வழிவந்தது. இக்கல்லைப் பற்றிச் சார்லஸ் கிரெவில் எழுதிய கட்டுரை 1798இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

இப்பின்னணியில், ஊர்காண் காதை மணிகளை எந்த அடிப்படையில் பிரித்தறிகிறது என்பதே இங்கு எழும் வினா.

கோளும் மணியும்

நவமணிகளை ஒன்பது கோள்களுக்கு உரியனவாக்கும் முறையில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு மணி உண்டு. ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், வியாழனுக்குப் புருடராகம் எனத் தொடரும் வரிசை அது. காப்பியத்தில் ஒன்பது மணிகளும் இடம்பெறுவதால், இவ்வரிசை இளங்கோவடிகள் காலத்திலேயே வழக்கில் இருந்தது என்பது ராசிக்கல் வாசிப்பினரின் முடிவு.

இம்முடிவைக் காப்பியமே மறுக்கிறது. மணித்தெருப் பகுதியில் கோள்களின் பெயர்கள் வருமிடம் ஒன்றே. அது முத்தைப் பற்றியது. திங்கள், வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்களையும் அங்கு ஆசிரியர் முத்தின் ஒளிக்கே ஒப்புமையாக்குகிறார். வெண்மை, பொன்மை, செம்மை என்னும் நிறச்சாயல்களே அங்குக் கருதப்பட்டவை. கோள்வரிசை அவர் கருத்தில் இருந்திருப்பின், புருடராகத்துக்குரிய வியாழனையும் பவளத்துக்குரிய செவ்வாயையும் முத்துக்குச் சார்த்தியிருக்க இயலாது. அணிபவருக்கு வரும் பயனைப் பற்றியும் இப்பகுதியில் பேச்சில்லை. மணிகளுக்கு வலன் என்னும் அசுரனின் உடலைப் பிறப்பிடமாகக் கூறும் திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்னும் பட்டியலோ மிகப் பிந்தியது. இன்று பரவலாக வழங்கும் பட்டியலை அமெரிக்க நகை வணிகர் சங்கம் 1912இல் வரையறுத்தது. 1967இல் தான்சானியாவில் கண்டறியப்பட்ட தான்சானைட் 2002இல் அதில் சேர்க்கப்பட்டது. சந்தைக்கேற்ப விரியும் இப்பட்டியலுக்குக் காப்பியத்தில் வேர் தேடுவது பொருந்தாது.

ஒரு பிறப்பும் ஐந்து வனப்பும்

கனிமவியல் வாசிப்புக்கு ஓரளவு வலிமை உண்டு. மாணிக்கத்தின் நால்வகையைக் கூறியபின், பொன்னிறத்ததும் தேன்நிறத்ததும் இருள்நிறத்ததும் இருநிறம் கலந்ததுமான மணிகளை அடுக்கி, ஐந்தும் தோற்றத்தால் ஒன்று, அழகால் வேறு என்று காப்பியம் முடிக்கிறது. தோற்றம் என்பதற்குப் பிறப்பு எனப் பொருள்கொண்டால், மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தும் ஓரினமாகும். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம் என்பதை ஐரோப்பிய அறிவுலகம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளியத் தொடங்கியது. ஆகவே, தமிழர் அதனை முன்பே அறிந்திருந்தனர் என்னும் கருத்து ஈர்ப்புடையது.

அளவைகள் இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. குருந்தத்தின் கடினம் மோஸ் அளவையில் 9. ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.0. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் இவ்வளவுகள் பொருந்தும். மஞ்சள் நீலம் எனப்படும் கல்லே புருடராகம் என்று கொண்டால் அதற்கும் பொருந்தும். டோபாஸ் எனக் கொண்டால் கடினம் 8, ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5 எனக் குறையும். பூனைக்கண் வைடூரியம் கிரைசோபெரில் இனம். அதன் கடினம் 8.5. கோமேதகம் கார்னெட் இனம். அதன் கடினம் 7 முதல் 7.5 வரை. ஐந்தனுள் மூன்றே, அதுவும் ஒரு பெயரின் பொருளை ஒருவாறு கொண்டால் மட்டுமே, குருந்தமாகின்றன. எஞ்சிய இரண்டும் பிற இனத்தவை.

இதனால் காப்பியம் பிழைபட்டது என்பதன்று. கண்ணால் காணத்தக்க ஒளிபுகும் தன்மையும் மெருகும் அன்றைய வகைப்பாட்டுக்கு அடிப்படையாயின. வேதியியற் கூறு அடிப்படையாகவில்லை. இன்றைய அறிவை அதன்மேல் ஏற்றினால், அதற்கே உரிய அளவுகோல் மறைந்துபோகும்.

குற்றம் காணும் கண்

அந்த அளவுகோல் குற்ற ஆய்வாகும். வயிரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை; மரகதத்துக்கு ஏகை, மாலை, இருள்; பவளத்துக்குத் துளை, முடங்கல், திருக்கு எனக் கல்லுக்கேற்பக் குற்றங்கள் வேறுபடுகின்றன. உள்விரிசல், புள்ளி, கோடு, மங்கல் என இன்றைய மணி ஆய்வாளர் உருப்பெருக்கியில் தேடுவனவும் ஏறத்தாழ இவையே. வயிரத்தை நால்வகை வருணத்தோடு சார்த்துவது சமூகப் படிநிலையின் சாயல். எனவே இப்பகுதியை முற்றிலும் இயற்பியல் நோக்கினது எனவும் கூற இயலாது.

மாணிக்க வகைகளுள் ஒன்றான விந்தம் என்பதற்குக் குருவிந்தம் என உரைமரபு பொருள் தருவது குறிப்பிடத்தக்கது. நகைக்குரிய குருவிந்தமும் சாணைக்குரிய குருந்தமும் சொல்லால் நெருங்கியவை. ஐந்து மணிகளின் ஒருமையைவிட இச்சொல்லுறவே மேலாய்வுக்கு உரிய களம்.

முடிவுரை

ஊர்காண் காதையை ராசிக்கல் சான்றாக்குவோரும் அறிவியல் சான்றாக்குவோரும் அதனைக் காப்பியத்திலிருந்து பிரித்தே வாசிக்கின்றனர். இத்தெருவைக் கண்டு திரும்பும் கோவலன் பின்னர்ச் சிலம்பு விற்கச் சென்று கொலையுண்கிறான். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரலாக இருந்தன. இவ்வேறுபாடே வழக்கைத் தீர்க்கிறது. வயிரத்தில் கோட்டையும் முத்தில் நீரின் குற்றத்தையும் காணவல்லோர் வாழ்ந்த நகரில், ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது எதுவென அரசவை பார்க்கவில்லை. கண்ணகி உடைத்துக் காட்டும்வரை அப்பரல் வெளிப்படவில்லை. கல்லை அதன் பண்பால் அறிதல் என்பது இக்காப்பியத்தில் நீதியோடு பிணைந்தது. மணித்தெருப் பகுதியின் நுட்பமான விவரிப்பு அப்பிணைப்புக்கு முன்னேற்பாடாக அமைகிறது எனலாம்.