உள்ளங்காலுக்கு வந்த உணர்ச்சி

கால் எலும்பு வெளியே தெரியுமளவுக்கு அடிபட்டு, உள்ளங்காலில் தொட்டால் தெரியாத நிலையில் ஒருத்தர் வந்தால் காலை எடுத்துடணுமா, காப்பாத்தப் பார்க்கணுமா? பல அறுவை மருத்துவர்கள் அந்த மரத்துப்போன பாதத்தையே காலை எடுக்க ஒரு காரணமாக வைத்திருந்தார்கள். அதை அசைத்த கட்டுரை 2005ல் எலும்பு அறுவை இதழான ஜேபிஜேஎஸ்ஸில் வந்தது. பாஸியும் சகாக்களும் எழுதியது.

அமெரிக்காவில் எட்டு மையங்கள். பாதம் மரத்து வந்தவர்கள் 55 பேர். 26 பேருக்குக் கால் எடுக்கப்பட்டது, 29 பேருக்குக் காப்பாற்றப்பட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், காப்பாற்றப்பட்டவர்களில் சுமார் 55 சதவீதம் பேருக்கு உள்ளங்கால் உணர்ச்சி இயல்பாக இருந்தது. அறவே இல்லாதவர் ஒரே ஒருவர். முதல் நாள் மரத்திருந்தால் நரம்பு அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நசுங்கியிருக்கலாம், இழுபட்டிருக்கலாம், ரத்தம் போகாமல் இருந்திருக்கலாம். இந்தக் கட்டுரையால் பிழைத்த கால்கள் இருக்கும். அந்த மரியாதை எனக்கு உண்டு.

ஆனால் ஒப்பீட்டுக்கு இன்னொரு குழுவும் அதில் இருக்கு. அவர்களுக்கும் அதே மாதிரி காயம், ஆனா முதல் நாளே பாதத்தில் உணர்ச்சி இருந்தது. இரண்டு வருஷத்தில் அவர்களிலும் இயல்பான உணர்ச்சி சுமார் 55 சதவீதம்தான்! அதாவது நரம்பு நல்லா இருக்குன்னு ஆரம்பித்தவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ குறை. எடுத்துச் சொல்பவர்கள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்திக்கிறாங்க.

என் மனக்குறை வேற. இந்தக் கட்டுரை கேட்டது உள்ளங்காலைப் பற்றி மட்டும். எனக்குக் கெண்டைக்காலின் உள்பக்கம் சோலியஸ் தசையைத் திருப்பி வைத்து, அதன்மேல் தொடைத் தோலை ஒட்டினார்கள். உணர்ச்சி வருமான்னு கேட்டப்போ, "பாதம் நல்லாதானே இருக்கு, வந்துடும்" என்றார்கள். பாதத்துக்குப் போகும் நரம்பு ஆழத்தில் தன் வழியில் போகிறது. ஒட்டிய தோலுக்கோ எந்த நரம்பையும் யாரும் இணைக்கவில்லை. சுற்றியுள்ள தோலின் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் நரம்பு நுனிகள் தாமாக ஊர்ந்து வந்தால் உண்டு. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்ற கணக்கு, போக ஒரு தடம் இருக்கும் நரம்புக்கு. இங்கே தடமே கிடையாது. அறுவையின்போதே நரம்பை இணைக்கக்கூடிய ஃபிளாப்களும் உண்டு. என்னுடையது அந்த வகை இல்லை.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது பைக் சைலன்சரில். கால் பட்டதே தெரியலை. சாயங்காலம் பேன்ட்டைக் கழற்றும்போதுதான் கொப்புளம்.

இந்த விஷயத்தில் எனக்கு உதவிய வாசிப்பு நூறு வருஷம் பழையது. 1903ல் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் தன் முன்கையின் தோல் நரம்பை வெட்டி மறுபடி தைக்கச் சொன்னார். பிறகு நான்கு வருஷம் ரிவர்ஸ் அவர் கையைச் சோதித்தார்: பஞ்சு, ஊசி, குளிர், சூடு, முடியை இழுப்பது, எல்லாம் தனித்தனியாக. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயத்தில் திரும்பியது. உணர்ச்சிக்கு இரண்டு தனி அமைப்புகள் என்று அதிலிருந்து அவர் கட்டிய கோட்பாட்டை, டிராட்டரும் டேவிஸும் தங்கள் நரம்புகளையே வெட்டிப் பார்த்துச் சீக்கிரமே மறுத்தார்கள் (என்ன மனுஷங்களோ). கோட்பாடு போகட்டும். "உணர்ச்சி வந்ததா" என்பதை ஒற்றைக் கேள்வியாக அவர் கேட்கவில்லை. 2005 கட்டுரையில் நான் தேடிக் கிடைக்காதது அதுதான். காலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய "இயல்பு", "இல்லை" போதும். அந்தக் காலோடு அடுத்த முப்பது வருஷம் இருக்கப்போகிறவனுக்குப் போதாது.

போன ஞாயிறு இரண்டு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீரும் ஐஸ் தண்ணியும் வைத்து மனைவியைச் சோதிக்கச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு. ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை வரை குளிர் தெரிகிறது. சூடு அரை விரற்கடைகூட இல்லை. நடுவில் இரண்டும் ஒன்றுதான், யாரோ தலையணை வழியாக அழுத்துகிற மாதிரி. பேனாவால் கோடு போட்டு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மாசம் கழித்து மறுபடி பார்க்கணும்.