தபசு மரமும் மஞ்சள் வளையமும்

தானல்லாத ஒருவராய்ச் சிறிது பொழுது வாழ்ந்து பார்க்கும் வேட்கை மனிதரிடத்து மிகப் பழையது. சப்பிரகமுவாத் தோட்டங்களில் அவ்வேட்கைக்கு இடமளித்து வந்தவை காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன. இன்று அதே லயங்களில், மாலையானதும், இளைஞர் கைத்தொலைபேசியில் வாளேந்தித் திரிகின்றனர். அவர்கள் ஆடுவனவற்றுள் ஒன்றாகிய ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்னும் இணையவழிப் புனைவுலக விளையாட்டைச் சென்ற தவணை விடுமுறையிற் பத்து நாள் ஆடிப் பார்த்தேன். சீனத்துச் சாங்காய் நகரின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டெம்பரில் அதனை வெளியிட்டது. எனக்கோ அது புதிது. ஆதலின் இவை முதற் பார்வையிற் பட்டனவே.

கதை எளியது. உலகங்கடந்து செல்லும் இரட்டையரை அறியாத் தெய்வமொன்று பிரித்துவிட, ஒருவர் மற்றவரைத் தேடி நாடு நாடாய் நடக்கின்றார். தேடிச் செல்பவர் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே தெரிகின்றார். நம் ஐம்பூதங்களை இவர்கள் காற்று, பாறை, மின், புல், நீர், தீ, பனி என ஏழாக்கியுள்ளனர். நனைந்த பகைவன்மீது பனி பட்டால் உறைகின்றான். மின் பட்டால் துடிக்கின்றான். நால்வரை மாற்றி மாற்றி நிறுத்திப் பொருதும் இம்முறை அறிவுக்கு வேலை தருவது. வெறும் விரலசைவென்று இகழ்வோர் ஆடிப் பார்த்திலர் என்பேன். பாத்திரங்கள் சீனம், யப்பானியம், கொரியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிற் பேசுகின்றன, தமிழ் இல்லை. ஆயினும் 2022 இற் சேர்ந்த நாட்டின் பெயர் சுமேரு. “சுமேரு என்றால் என்ன, சேர்?” என்று மாணவனொருவன் வினவ, மேருமலையைப் பற்றி அரைமணி நேரம் பேச நேர்ந்தது.

இவ்வுலகில் எம்மலையிலும் ஏறலாம். ஏறுபவன் அருகே மஞ்சள் வளையமொன்று தேய்கின்றது. தேய்ந்து தீர்ந்தால் வீழ்வான். சமநிலத்திற் சற்று நின்றால் வளையம் மீண்டும் நிறைகின்றது. மழை வந்தால் தீ அணைகின்றது; பாறை மட்டும் வழுக்குவதில்லை. இரத்தினபுரிப் பக்கத்திற் கொழுந்து பறிப்பவள் இக்குறையை முதல் நாளே கண்டுவிடுவாள்!

அருச்சுனன் தபசில் ஏறுதல் வேறு வகையானது. பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யப் புறப்பட்ட பார்த்தன், நாட்டிய நெடுமரத்திற் படிப்படியாய்ப் பாடிக்கொண்டு ஏறுவான். சனம் அண்ணாந்து நிற்கும். ஏறுபவன் நேற்றுவரை இறப்பர் பால் வெட்டியவன். நாளையும் வெட்டப் போகின்றவன். எனினும் அவ்வேளையில் அவன் கால் தவறுமோ என்னும் அச்சமும், அருச்சுனன் தவம் தவறுமோ என்னும் அச்சமும் நமக்கு ஒன்றாகிவிடுகின்றன. விளையாட்டில் உடல் வருந்தவில்லை என்பதன்று என் குறை. நாவல் படிப்பவன் உடலுந்தான் வருந்துவதில்லை. மலையுச்சியிற் காத்திருப்பது சிறு பேழையே, பாசுபதம் அங்கில்லை என்பதே குறை.

அது இருக்குமிடம் சீட்டுக் குலுக்கல். உயர்தர வீரரும் அவர்தம் படைக்கலங்களும் பெரும்பாலும் அதன் வழியே கிட்டுவர். ஒருமுறை குலுக்க 160 மணிக்கற்கள் வேண்டும். அவற்றை ஆடியும் சிறிது சிறிதாய்ச் சேர்க்கலாம்; பணங்கொடுத்தும் வாங்கலாம். ஐந்து விண்மீன் வீரன் வரும் வாய்ப்பு முதலில் ஆயிரத்தில் 6 பங்கே. தொண்ணூறாம் முறைக்குள் ஒருவன் வருவது உறுதி, விரும்பியவனே வருவான் என்பது உறுதியன்று. தவத்தின் இடத்தில் லொத்தரை வைத்தபின் வீரகாவியத்தில் எஞ்சுவது யாது? 2025 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழுவோடு ஏற்பட்ட இணக்கத்தின்படி, வெளியீட்டாளர் 2 கோடி டொலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றி 16 வயதிற்குட்பட்டோர்க்கு இக்குலுக்கலை விற்காதிருக்கவும் உடன்பட்டனர். அவ்விணக்கம் அமெரிக்கச் சிறாரையே காக்கும். கேகாலைத் தோட்டத்துப் பிள்ளை குலுக்குவது தாயின் கைத்தொலைபேசியில்; மழை நாளிற் பால்வெட்டு நின்றால் அத்தாய்க்கு அன்றைய வருமானமும் இல்லை.